பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு நேர்காணல்

காலை 9.10, ராஜபாளையம் பேருந்து நிலையம். எங்கள் பகுதியில் இன்று மாதாந்திர மின்தடை; போன மின்சாரம் மாலையில்தான் வரும். எனக்கோ பதினொன்றரைக்கு ஒரு சிங்கப்பூர் நிறுவனத்துடன் வீடியோ நேர்காணல். இணையதளம் வடிவமைக்கும் வேலை. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் மின்சாரம் இருக்கிறது, கணவரின் அக்கா செல்வி மதினி வீடும் இருக்கிறது. வேறு நாள் கேட்டிருக்கலாமோ என்று நேற்றிலிருந்து யோசனை. கேட்கவில்லை.

மதுரை வண்டி, டிக்கெட் பதினைந்து ரூபாய். மூன்று வயது யாழினி என் ஒரு கையில், லேப்டாப் பை மறு கையில். "புள்ளைய விட்டாலும் விடுவீக, பைய விட மாட்டீக போல" என்றார் கண்டக்டர். சிரித்தேன். ஆனால் உறுத்தியது. வேலை கிடைத்தால் முதல் மூன்று மாதம் அவளை விட்டுவிட்டு நான் மட்டும் சிங்கப்பூர் போக வேண்டும். "மொதல்ல கெடைக்கட்டும், பொறவு பாப்போம்" என்று கணவர் நழுவியிருந்தார்.

10.05. மதினி வீட்டில் டிவி, மிக்ஸி எல்லாம் நிறுத்தியாயிற்று. "குக்கர் வச்சா விசில் அடிக்கும்லா, அதான் சோத்த வடிச்சிட்டேன்" என்றார்.

11.30. திரையில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். இங்குள்ள ஒரு பால்கோவா கடைக்கு நான் செய்த பக்கத்தைக் காட்டினேன். ஆர்டர் படிவத்தைவிடப் போன் நம்பர் ஏன் பெரிதாக இருக்கிறது என்று அந்தப் பெண் கேட்டார். இன்று கிண்டியதா என்று போனில் கேட்காமல் எங்கள் ஊரில் யாரும் வாங்க மாட்டார்கள் என்றேன். அவருக்குப் பிடித்திருந்தது. அடுத்த மாதமே வர முடியுமா என்றார்.

வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

துணிக்கடையில் சேலையை வாங்காமல் திருப்பிக் கொடுக்கும்போது சொல்வது, ஆங்கிலத்தில் வந்துவிட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னொருவரும் இருப்பதால் மாலை ஐந்தரைக்குள் பதில் வேண்டும் என்றார்கள். அது நமக்கு மூன்று மணி.

மதினியிடம் எல்லாம் சொன்னேன். "கேக்கதுக்கு அவன் என்ன கலெக்டரா? புள்ளைய நான் பாத்துக்கிடுதேன். ஆனா மூணு மாசம்னா மூணு மாசந்தாம்ட்டி" என்றார். ரசம் சோற்றில் எனக்கு ருசியே தெரியவில்லை.

2.15, திரும்பும் பேருந்து. யாழினி மடியில் தூங்கிவிட்டாள். கணவர் செட்டியார்பட்டியில் ஒரு தறிக்கூடத்தில் மேற்பார்வையாளர்; அங்கே மின்தடை இல்லை. மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லை. தறிச் சத்தத்தில் கேட்டிருக்காது. பக்கத்து ஊருக்கு வந்து போவதற்கே இத்தனை யோசிக்கிறவள் சிங்கப்பூரில் தனியாக எப்படி இருப்பேன்? யாழினி ராத்திரி விழித்தால் யாரைத் தேடுவாள்? நிறுவனத்துக்கான பதிலை இரண்டு முறை எழுதி அழித்தேன். மூன்றாம் முறை, 'அடுத்த மாதம் வருகிறேன்' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

ஊருக்குள் நுழையும்போது அவர் அழைத்தார்.

"என்ன சொன்ன?"

"வீட்ல கேட்டுட்டுச் சொல்லுதேன்னேன்."

"பொறவு?"

"கேக்காமலே சொல்லிட்டேன்."