இடியாப்பம் பிழியாத மேசை

அத்தையைப் போல் பிடிவாதக்காரியைப் பார்த்ததில்லை என்று அம்மா அடிக்கடி சொல்வாள். அந்தப் பிடிவாதத்தால்தான் நாங்கள் பிழைத்தோம் என்பதைப் பிற்காலத்தில் சேர்த்துக்கொண்டாள்.

அப்போது எனக்கு எட்டு வயது. பினாங்குத் துறைமுகத்துக்குப் பின்னால் வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். அப்பாவுக்குக் கப்பலிலிருந்து தொங்கான் படகுகளில் சரக்கு இறக்குகிற வேலை. ஒருநாள் சங்கிலி அறுந்து, அரிசி மூட்டைகள் அவர் வலது காலில் விழுந்தன. எலும்பு கூடியது, கோணலாகக் கூடியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஊன்றுகோலைத் தொடவே இல்லை. "சாப்பிட்டீங்களா" என்று கேட்டால்கூடக் கோபம் வந்தது. அவர் பாயைத் தாண்டிப் போகவே நான் பயந்தேன்.

அப்பாவின் அக்காவான அத்தை எங்களோடுதான் இருந்தாள். காலையில் கூடை நிறைய இடியாப்பம் எடுத்துக்கொண்டு போய், தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் தூவித் தெருத்தெருவாக விற்பாள். அப்படிக் கூடையோடு போனவள் ஒருநாள் மாட்டுவண்டியோடு திரும்பினாள். பழைய சாமான் கடையில் மேசை வாங்கினாளாம். நாலு பேர் மூச்சுவாங்க இறக்கி, அப்பா படுத்திருந்த கூடத்திலேயே அதைப் போட்டார்கள்.

அப்படி ஒரு மேசையை நாங்கள் யாரும் கண்டதில்லை. பலகை நாலு விரல் கனம். ஓரத்தில் வரிசையாகச் சதுர ஓட்டைகள். ஒரு பக்கத்தில் என் கைப் பருமனுக்கு மரத்திலேயே கடைந்த திருகாணி. அதைத் திருகினால் ஒரு கட்டை மெல்ல நகர்ந்து வந்து பலகையோடு இறுகும்.

பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, பிணம் கழுவுகிற மேசை என்றார். அம்மா உடனே அதன்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். எதிர்வீட்டு அக்காவோ, "ஜெயில்ல கைய வச்சு நெருக்குற சாமான்லா இது" என்று அடித்துச் சொன்னாள். அத்தை மட்டும் அசையவில்லை. இது வெள்ளைக்காரன் இடியாப்பம் பிழிகிற மேசை என்றாள். மாவை ஓட்டையில் வைத்துத் திருகாணியால் அழுத்த வேண்டியதுதானாம்.

"வெள்ளைக்காரன் இடியாப்பம் தின்னு நீ பாத்தியா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். குரல் பாயிலிருந்து வந்தது.

"படுத்துக்கிட்டே உனக்கு உலகமெல்லாம் தெரியுமோ?" என்றாள் அத்தை.

மூன்று நாள் இந்தச் சண்டை நடந்தது. நாலாம் நாள் அத்தை ஒரு குண்டான் மாவைப் பிசைந்து கொண்டுவந்து, ஒரு கைப்பிடி அள்ளி ஓட்டையில் வைக்கப் போனாள். அப்பாவால் பொறுக்க முடியவில்லை. "அக்கா, கைய எடு!" என்று கத்தியபடி தரையில் நகர்ந்து வந்து, மல்லாந்து மேசைக்கு அடியில் புகுந்தார். "பாப்பா, விளக்க எடுத்துட்டு வாம்மா." காலில் அடிபட்ட பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. நானும் விளக்கோடு அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

அப்பா ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். எங்கேயும் ஆணி இல்லை, எல்லாம் மர முளை. தேக்குமில்லை, இந்த ஊர் மரமுமில்லை. ஓரத்தில் ரம்பம் உரசிய தடங்கள், காய்ந்து கறுத்த வஜ்ஜிரப் பசை. நாலு காலின் அடியிலும் துரு ஏறிய துளைகள். கப்பல் ஆடும்போது நகராமல் இருக்கத் தளத்தோடு முடுக்கி வைத்திருந்த அடையாளம். நீராவிக் கப்பல்களில் தச்சர் மேசையை அவர் பார்த்திருக்கிறார். அதில் இரும்புத் திருகாணிதான் இருக்கும். மரத்திருகாணி என்றால் இது அதற்கும் முந்தியது, பாய்மரக் கப்பலில் வந்த தச்சனுடையது.

அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு தெரு தள்ளியிருந்த சீனத் தச்சர் வந்து சொன்னால்தான் ஆயிற்று என்றாள். யாராவது போய் அழைத்து வாருங்கள் என்றார் அப்பா.

"சொன்னது நீ. நீயே போய்க் கூட்டிட்டு வா."

அப்பா ஊன்றுகோலைக் கேட்டார். அம்மா ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தாள். நானும் கூடப் போனேன். இரண்டு தெரு நடக்க எங்களுக்கு ஒரு காலைப்பொழுது ஆனது. வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தோம். திரும்பலாம் என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

தச்சர் வந்து ஒரு மரத்துண்டைத் திருகாணியில் இறுக்கி இழைப்புளியைத் தள்ளினார். சீவல் சுருண்டு விழுந்தது. அப்பா சொன்னதெல்லாம் சரி என்று மலாயில் சொல்லிவிட்டு, இழைப்புளியை அப்பாவிடம் நீட்டினார்.

அடுத்த மாதத்திலிருந்து அப்பா அவரிடம் தொழில் பழகப் போனார். பிறகு அந்த மேசையிலேயே நாற்காலி, பெட்டி, கட்டில் என்று செய்தார். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதும் அந்த மேசைதான்.

அத்தை இறந்த பிறகுதான் அம்மா எனக்குச் சொன்னாள். தச்சர் மேசை என்று சொல்லித்தான் கடைக்காரர் அதை விற்றாராம். உட்கார்ந்த இடத்தில் தன் தம்பி செய்யக்கூடிய வேலை ஏதாவது இருக்காதா என்று தேடித்தான் அத்தை போயிருக்கிறாள். உனக்காக வாங்கினேன் என்று சொல்லியிருந்தால் அப்பா மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பியிருப்பார். ஆனால் பாய்மரக் கப்பல் கதை அத்தைக்கும் புதுசு. அது அப்பாவே கண்டுபிடித்தது.

தச்சர் போன அன்றைக்கு அப்பா கூடத்தில் நின்றபடி, தான் ஜெயித்த கதையை அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அத்தையைத் தேடிப் போனேன். அடுப்பங்கரையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாள். பாவமாக இருந்தது. முதுகைத் தடவிக்கொடுத்து, "அழாதீங்க அத்தை, அடுத்த தடவை நீங்கதான் ஜெயிப்பீங்க" என்றேன். அத்தை என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். தோற்றவள் எதற்கு இப்படிச் சிரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அத்தை தோல்வியை ஒப்புக்கொண்டாள் என்று சொல்ல அப்பாவிடம் ஓடினேன்.