மேலே போன சுறா

அடுத்த அறையில் தொலைபேசி அடித்தது. ஒரு மணி. இரண்டு மணி. மூன்றாவது மணி முழுதாக ஓய்ந்த பிறகுதான் ரிசீவரை எடுக்கும் சத்தம் கேட்டது.

"கடல்வள அலுவலகம், சொல்லுங்க... கடிக்காதுங்க... அதுக்குப் பல்லே அரிசி மாதிரிதான்... இல்லைங்க, அரிசி அளவுன்னு சொன்னேன்... ஐயோ, சமைக்கச் சொல்லலைங்க! லைன்லயே இருங்க."

வரவேற்பறை பெஞ்சில், மடியில் தோல்பையோடு காத்திருந்த விசாரணை அதிகாரி தலையை நிமிர்த்தினார். தலைமை அலுவலகத்திலிருந்து நான்கு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி வந்தவர். அவர் யாரை விசாரிக்க வந்தாரோ, அந்தக் குரல்தான் உள்ளே அரிசி பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. பெஞ்சின் மறுமுனையில், அதே அலுவலகத்தின் கடைநிலை ஊழியனான நான்.

அலுவலகத்தில் அந்த அம்மாளுக்கு லைனக்கா என்று பெயர். பத்தொன்பது வருஷமாக "லைன்லயே இருங்க" என்று சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்டது. ரிசீவரைத் தோளில் இடுக்கி இடுக்கிக் கழுத்து இடப்பக்கம் சாய்ந்தேவிட்டது. கல்யாண நாள் புகைப்படத்தில்கூட யாரோ போனில் இருப்பது போலத்தான் நிற்கிறார். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில். அந்தப் பென்சிலைத் தேடி மேஜையைக் கவிழ்ப்பது தினசரி வழக்கம். மூன்று முறை மணி அடிக்கவிடுவதற்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறார். "முதல் மணிக்கே எடுத்தா வேலைவெட்டி இல்லாம உக்காந்திருக்கோம்னு நினைப்பாங்க. நாலாவதுக்கு விட்டா திமிர் பிடிச்சவங்கன்னு நினைப்பாங்க. மூணுதான் மரியாதை."

அறை ஒரு கட்டிலும் ஒரு பீரோவும் போட்டால் நிறைந்துவிடும் அளவு. சுவரில் கடல் மீன்களின் பெரிய படம் ஒன்று தொங்குகிறது. அதன் கீழ்ப்பாதியை அலமாரி மறைத்திருப்பதால், ஆழ்கடலில் என்ன இருக்கிறது என்பது அந்த அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. கடல் காற்றுக்குக் கதவு படாரென்று அறையும். அதைத் தடுக்க, ஒரு காகிதத்தை எட்டாக மடித்துக் கதவின் அடியில் செருகி வைத்திருக்கிறார். தன்னை நிரந்தரப் பணியில் சேர்க்கும்படி அவர் கொடுத்த பதினோராவது மனுவின் நகல் அது. "அங்க யாரையும் அசைக்கல. இங்க கதவையாவது அசையாம வைக்கட்டும்."

ஆம், பத்தொன்பது வருஷமாக அவர் தற்காலிகப் பணியாளர். ஒரு குழந்தை பிறந்து, நடந்து, மீசை முளைத்து, காதலில் தோற்றுக் கவிதையும் எழுதிவிடக்கூடிய காலம்! இந்த அலுவலகத்தில் "மேலே" என்றால் தலைமை அலுவலகம். அது இருப்பது வேறொரு ஊரில், அதுவும் தரைத்தளத்தில். இருந்தாலும் அது மேலேதான். எந்தக் கோப்பு அங்கே போனாலும் "மேலே போயிடுச்சு" என்பார்கள். லைனக்காவின் கோப்பு ஒன்பது வருஷத்துக்கு முன் மேலே போனது. போனது போனதுதான். அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். "நான் மேல அனுப்பினா ரெண்டு நிமிஷத்துல கீழ வந்துடும். உங்க ஆபீஸ் லிஃப்டுக்கு மட்டும் இறங்குற பட்டனே வைக்கலையா?" என்று சோற்றைப் பிசைந்தபடி கேட்பார். "உங்க லிஃப்டுல மாட்டிக்கிட்டவன் என்னைவிட சீக்கிரம் வெளிய வந்துட்டான், அதுல ஒண்ணும் பெருமை இல்ல" என்பது அக்காவின் பதில்.

இந்த நிலையில்தான் சுறா வந்தது.

மூன்று வாரத்துக்கு முன் படகுக்காரர்கள் கைப்பேசியில் பிடித்த நாற்பது வினாடிப் படம். ஆயிரம் அடிக்குக் கீழே இருட்டில் வாழும் ஒரு சுறா, பட்டப்பகலில் தண்ணீர் மட்டத்தில் மிதக்கிறது. கார் டிக்கியைத் திறந்துவைத்தது போல வாய். தூக்கக் கலக்கத்தில் பாத்ரூம் என்று நினைத்து வாசல் கதவைத் திறந்துவிட்டவரின் முகபாவம். அவ்வளவுதான். அன்று மாலையிலிருந்து ஊரே தொலைபேசியைக் கையில் எடுத்தது.

பூமி நடுங்கப் போகிறதா என்று ஒருவர் கேட்டார். "நிலம் எங்க கையில இல்லைங்க, தண்ணி மட்டும்தான்" என்றார் அக்கா. மாடியில் இருக்கும் தன் நீச்சல் குளத்துக்கு வருமா என்று ஒரு அம்மாள். அதன் எண்ணெய் முழங்கால் வலிக்கு ஆகுமா என்று இன்னொருவர். "அதுக்கு முழங்காலே இல்லைங்க, அதுகிட்ட போய்க் கேட்டா என்ன நினைக்கும்?" சாப்பிட அடம்பிடிக்கும் மகனை மிரட்ட, சுறா போல இரண்டு வார்த்தை பேசச் சொல்லி ஒரு தகப்பன் கெஞ்சினார். அக்கா பேசினார், பையன் இரண்டு தட்டு சாப்பிட்டதாகத் தகவல். "எங்க மச்சான் வாயும் இதே மாதிரிதான், புகார் குடுக்கலாமா?" என்றார் ஒருவர். பதிவேட்டில் புகார், பாராட்டு என்று இரண்டே கட்டங்கள். அக்கா கொண்டையிலிருந்து பென்சிலை உருவி மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டார். தலைப்பு: "சும்மா". அது ஒரே வாரத்தில் மற்ற இரண்டையும் விழுங்கிவிட்டது.

தினமும் மூன்று முறை அழைத்தவர் ஒரு குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். நேரில் பார்க்காமலே அந்தச் சுறாவை மனதார நேசிக்கத் தொடங்கிவிட்ட மனிதர். அவர் அழைத்த ஒரு திங்கட்கிழமை காலைதான், சுறா பற்றிய அறிக்கையைக் கயிறு கட்டித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தார்கள்.

"என்னம்மா, இன்னைக்கு சுறா எப்படி இருக்கு?"

"சுறா மேல போயிடுச்சு சார்."

மறுமுனையில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. பிறகு கம்மிய குரலில், "எப்பம்மா?"

"காலைல பத்தரைக்கு."

"ரொம்பக் கஷ்டமா..."

"அதையேன் கேக்குறீங்க! மூணு நாளா இழுத்துக்கிட்டே கிடந்துச்சு. பார்க்கவே சகிக்கல. ஆளாளுக்குத் தொட்டுத் தொட்டு வச்சாங்களே தவிர ஒருத்தரும் முடிக்கல. கடைசியில நான்தான் என் கையாலயே முடிச்சு, கயிறு கட்டி அனுப்பி வச்சேன்."

செயலாளர் போனை வைத்தார். வைப்பதற்கு முன் ஒரு விசும்பல் கேட்டதாம். ஜலதோஷம் என்று அக்கா நினைத்துக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் அலுவலக வாசலில் ஏழு மலர்வளையங்கள். "வாய் பெரிதானாலும் மனம் சிறிதல்ல" என்று எழுதிய நாடா ஒன்றில் கட்டியிருந்தது. ஒரு பெண்மணி மெழுகுவத்தி ஏற்றினார், காற்று அணைத்தது, மறுபடி ஏற்றினார். மச்சான் மீது புகார் கொடுக்கக் கேட்டவரே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். மறுநாள் இரக்கம் ஆத்திரமாக மாறியது. கயிற்றால் கட்டிக் கொன்ற கல்நெஞ்சக்காரி யார் என்று கேட்டு அட்டைகள் பிடித்தார்கள். அந்தக் கல்நெஞ்சக்காரி ஜன்னல் வழியே அட்டைகளைப் படித்துவிட்டு, எழுத்துப் பிழையை ஆள் அனுப்பித் திருத்தச் சொன்னார். வீட்டில் கணவர் நீளமாக மூச்சு விட்டார். "தினம் நூறு பேரை நான் மேல அனுப்புறேன். ஒருத்தன் ஒரு பூ வச்சானா?"

மூன்றாம் நாள், நாற்பது மைலுக்கு அப்பால், அதே சுறா அதே வாயைத் திறந்தபடி இன்னொரு படகின் அருகில் வந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தலைமை அலுவலகம் அதற்குள் அவசரப்பட்டுப் ஊழியர் மீது நடவடிக்கை எடுத்துவிட்டதாகப் பத்திரிகைகளுக்கு ஓர் அறிக்கை கொடுத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டுதான் விசாரணை அதிகாரி வந்திருந்தார்.

அவர் உள்ளே போனார். கதவு திறந்தே நின்றதால் எல்லாம் தெரிந்தது, கேட்டது.

"'என் கையால முடிச்சேன்'னு சொன்னீங்களாம்மா?"

"சொன்னேன் சார். கயிறு கட்டினதையும் சொன்னேன்."

"எதுக்கு கயிறு?"

"கட்டாம அனுப்பினா நீங்கதான சார் திருப்பி அனுப்புவீங்க?"

அதிகாரி எழுதினார். எழுதியதை அடித்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "மேல முடிவு பண்ணியாச்சு. பேப்பர்லயும் வந்தாச்சு. 'சம்பந்தப்பட்ட ஊழியரின் வருடாந்திர ஊதிய உயர்வு ஆறு மாதத்துக்கு நிறுத்தப்படுகிறது.' ஒரு கையெழுத்து போடுங்க, நான் மூணு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்."

லைனக்கா அதை ஒரு முறை படித்தார். கழுத்தை வலப்பக்கம் சாய்த்து இன்னொரு முறை படித்தார்.

"சார், எனக்கு ஊதிய உயர்வே கிடையாது. நான் தற்காலிகம்."

"எத்தனை மாசமா?"

"பத்தொன்பது வருஷமா. ஆயிரம் அடிக்குக் கீழ இருக்கிற சுறாவே மேல வந்துடுச்சு சார். மேல போன என் கோப்புதான் இன்னும் கீழ வரல."

அதிகாரியின் குரல் மாறியது. அதட்டலை விடப் பயங்கரமான மிருதுவான குரல். "தற்காலிகம்னா இதெல்லாம் தேவையே இல்லையேம்மா. ஒரே வரி. நாளையிலேருந்து வர வேண்டாம்னு எழுதிட்டா முடிஞ்சது."

பத்தொன்பது வருஷம் ஒரே வரியின் முனையில் தொங்கியது! தொலைபேசி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு. ஐந்து. அக்கா எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது.

"எழுதுங்க சார்," என்றார் கடைசியில். குரல் லேசாக உடைந்து ஒட்டிக்கொண்டது. "ஆனா பேப்பர்ல ஊதிய உயர்வை நிறுத்தினதாத்தானே போட்டிருக்கீங்க? என்னை நிறுத்தினதா போடலையே. வாசல்ல அட்டை பிடிச்சவங்க யாராவது வந்து, நிறுத்தின ஊதிய உயர்வைக் காட்டுன்னு கேட்டா?"

"இல்லாத ஊதிய உயர்வை எப்படிம்மா நிறுத்துறது?"

"குடுத்துட்டு நிறுத்துங்க சார்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றித் துடைத்தார். அந்தக் கண்ணாடியில் அவ்வளவு அழுக்கு இருந்திருக்க நியாயமில்லை.

"அப்படின்னா முதல்ல நிரந்தரம் பண்ணணும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "நிரந்தரம் பண்ணாத்தான் தண்டிக்க முடியும்."

"நான் தண்டனைக்குத் தயார் சார்."

அவர் தோள் ஒரு முறை குலுங்கியது. இருமி மறைத்தார். "கடைசியா குடுத்த மனுவோட நகல் இருக்கா?"

லைனக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார். வாசலில் குந்தி, கதவை ஒரு காலால் முட்டுக்கொடுத்து, அடியில் செருகியிருந்த காகிதத்தை உருவினார். எட்டு மடிப்பையும் பிரித்தார். செருப்புத் தடம் ஒன்று நடுவில் முத்திரை போலப் பதிந்திருந்தது. முந்தானையால் அதைத் துடைத்து, சுவரில் வைத்து உள்ளங்கையால் தேய்த்து நீட்டி, இரண்டு கையாலும் கொடுத்தார்.

"சார், இது எப்ப மேல..."

"அந்த வார்த்தையைச் சொல்லாதீங்கம்மா," என்றார் அதிகாரி அவசரமாக. காகிதத்தைப் பைக்குள் வைக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நானே கையோட கொண்டுபோறேன்."

அவர் தாண்டிப் போகும்வரை லைனக்கா காலால் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். பெஞ்சைக் கடந்து, மலர்வளையங்கள் வாடிக் கிடந்த வாசற்படியை அடைந்து, அவர் பஸ் நிற்கும் பக்கம் திரும்புவதைக் கழுத்தை நீட்டிப் பார்த்தார். பிறகு காலை எடுத்தார். கதவு படாரென்று அறைந்து சாத்திக்கொண்டது.