தங்கை தொட்டுப் பார்த்த விமானம்

என் தங்கைக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ஆனாலும் மாரெட்பள்ளியில் எங்கள் மொட்டைமாடிக்கு மேலே விமானம் வந்தால் முதலில் சொல்பவள் அவள்தான். நான் வானத்தில் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கையை நீட்டிச் சரியான திசையைக் காட்டிவிடுவாள். அப்பா பாதுகாப்புத் துறை ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்தவர். திருநெல்வேலியிலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு மாற்றலாகி வந்து அப்படியே தங்கிவிட்டார். பயிற்சி விமானங்களின் இரைச்சல் எங்கள் தெருவுக்குக் காக்கைச் சத்தம் மாதிரி. அவளைத் தவிர வேறு யாரும் அதற்குக் காது கொடுத்ததில்லை.

அவளைப் பொறுத்தவரை விமானம் என்பது இரண்டு பொருள்கள். ஒன்று, பொருட்காட்சியில் அப்பா வாங்கித் தந்த, உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் பொம்மை. இன்னொன்று, வானம் முழுக்க நிறையும் சத்தம். இந்தச் சின்னப் பொம்மைக்குள்ளிருந்து அவ்வளவு பெரிய சத்தம் எப்படி வரும் என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். "நம்ம வீட்டை விடப் பெருசுட்டி" என்பேன். "வீட்டுல எந்த இடத்துலேருந்து எந்த இடம் வரைக்கும்?" என்பாள்.

வளர்ந்து வங்கி வேலைக்குப் போன பிறகு விமானத்திலும் பலமுறை தூத்துக்குடி வழியாகச் சொந்த ஊருக்குப் போய் வந்தாள். அது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. "ஒரு சீட்டு, ஒரு பெல்ட்டு, கைக்கு எட்டுத ஒரு ஜன்னல். ஏசி பஸ்ஸுக்கும் அதுக்கும் என்னக்கா வித்தியாசம்?" என்று கேட்டாள்.

போன குளிர்காலத்தில் பேகம்பேட் பழைய விமான நிலையத்தில் விமானப்படையின் பழைய விமானங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு நிறுத்தினார்கள். அவளுடைய அலுவலகம் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். செய்தி காதில் விழுந்ததுமே எனக்கு போன் செய்தாள். "சனிக்கிழமை நீ என்கூட வர. வேற வேலை எதுவும் வச்சுக்காத" என்றாள். அழைப்பு மாதிரி இல்லை, உத்தரவு மாதிரி இருந்தது.

போனோம். நல்ல கூட்டம். ஒவ்வொரு விமானத்தைச் சுற்றியும் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு முதுகு காட்டி நின்று எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் நின்றது மஞ்சள் வண்ணப் பயிற்சி விமானம்; மேலும் கீழுமாக இரண்டடுக்கு இறக்கைகள். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்: மஞ்சள் நிறம், முன்னால் விசிறி, மேலே திறந்த இருக்கை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தவள் என் கையை அழுத்தி, "போதும்க்கா. நான் பாக்கணும்" என்றாள்.

கயிற்றைத் தடவிப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள். காவலுக்கு நின்ற இளம் வீரர் ஓடி வந்தார்.

"மேடம், ஹாத் நஹீ லகானா." கை வைக்கக் கூடாதாம்.

"கைக்கு?" என்றாள் இவள். ஏன் என்று கேட்க இந்த ஊரில் அதுதான் சொல்.

அவர் ஏதோ உத்தரவு என்றார். எங்களுக்குப் பின்னால் ஆட்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். நான் அவள் முழங்கையை இழுத்தேன். "வாட்டி, போவோம். பின்னால ஆளுங்க நிக்காங்க."

"நக்கோ. நீ வேணும்னா போய் டீ குடி. பாக்காம நான் நகரமாட்டேன்."

அந்த 'வேண்டா'மைக் குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். எனக்குத்தான் எல்லோரும் எங்களையே பார்ப்பது கூச்சமாக இருந்தது. வீரர் கொஞ்சம் தயங்கி, வாக்கிடாக்கியில் யாரையோ கூப்பிட்டார். காதோரம் நரைத்த அதிகாரி ஒருவர் வந்தார். பாழடைந்து கிடந்த இந்த விமானத்தைச் சரிசெய்த குழுவுக்குத் தலைவர் அவர்தான் என்று வீரர் சொன்னார். அதிகாரி பொறுமையாக ஆங்கிலத்தில் விளக்கினார். விமானத்துக்கு நம் எல்லோரையும் விட வயது அதிகம். கை வியர்வை பட்டால் கெடும். ஒருவரைத் தொடவிட்டால் எல்லோரும் தொடுவார்கள்.

அவள் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சார், இங்கே வந்த எல்லாரும் இதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நான் மட்டும் இதன் பக்கத்தில் நின்றுவிட்டுப் போவேன். கையுறை கொடுங்கள், போட்டுக்கொள்கிறேன்."

அவர் அவளுடைய கைகளைப் பார்த்தார். "கையுறை போட்டால் உங்களுக்கு ஒன்றும் தெரியாதே" என்றார். பிறகு, "கூட்டம் குறையும்வரை காத்திருக்க முடியுமா?" என்று கேட்டார்.

"ஹவ்" என்று ஆமாம் போட்டாள், முகமெல்லாம் சிரிப்பாக.

வெயில் தாழ்ந்தபோது அதே வீரர் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் கொண்டு வந்தார். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வளையல், மோதிரம், கடிகாரம் எல்லாவற்றையும் என்னிடம் கழற்றிக் கொடுத்தாள். கயிறு இறங்கியது.

அதிகாரி முதலில் அவள் கையை விசிறியின் மேல் வைத்தார். "மரமா சார்?" என்று வியந்தாள். நடுவிலிருந்து நுனிவரை இரண்டு கைகளாலும் தடவிப்போனாள். "நேரா இல்லக்கா, முறுக்கிக்கிட்டே போகுது. இதான் காத்தைத் தள்ளுதா?" அடுத்து இன்ஜினின் தகரமூடி, சக்கரம். அப்புறம் கீழ் இறக்கைக்கு வந்தவள் அதை விரலால் மெல்லத் தட்டினாள். தவில் மாதிரி அதிர்ந்தது.

"துணி!" என்று கத்தினாள். "யக்கா, துணியைக் கட்டிக்கிட்டா பறந்திருக்காங்க!"

துணிக்கு அடியில் விலா எலும்பு மாதிரி வரிசையாகச் சட்டங்கள் இருப்பதை அவள் சொல்லித்தான் நான் கவனித்தேன். மத்தியானம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்! மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவே இழுத்துக் கட்டியிருந்த கம்பியை விரலால் சுண்டிவிட்டு, காதை வைத்துக் கேட்டாள். உடம்பின் பக்கவாட்டில் கைவைத்துக்கொண்டே பின்னால் நடந்தாள். அது ஒடுங்கி ஒடுங்கித் தரைப்பக்கம் இறங்கியது. "வால் தரையிலயா கிடக்கு? அப்போ மூக்கைத் தூக்கிக்கிட்டுல்லா நிக்குது!" என்று திரும்ப முன்னால் போய் மூக்கின் உயரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டாவது சுற்றில் அதிகாரியின் கையை விட்டுவிட்டாள். தனியாகவே சுற்றி வந்தாள், ஓரிடத்தில்கூட இடித்துக்கொள்ளவில்லை.

"உள்ளே உட்காருகிறீர்களா?" என்று அதிகாரி கேட்டார்.

எங்கே கால் வைக்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, இறக்கைமேல் ஏறிப் பின்னிருக்கையில் இறங்கினாள். முழங்கால்களுக்கு நடுவே இருந்த கட்டுப்பாட்டுக் கோலை அவள் கையில் கொடுத்து, மெதுவாக இடப்பக்கம் சாய்க்கச் சொன்னார். சாய்த்தாள்.

"யக்கா, என்ன ஆச்சு? சொல்லு!"

"இடது இறக்கையில ஒரு துண்டு மேல தூக்குதுட்டி!"

"இப்போ?"

"அது இறங்குது, வலதுல தூக்குது!"

கோலைத் தன்பக்கம் இழுத்தாள். வாலருகே நின்ற வீரர் தன்னை மறந்து, "ஊபர்! ஊபர்!" என்று கூவினார். மேலே தூக்குகிறதாம். முன்னே தள்ளியதும் "நீச்சே!" என்றார். அவள் தள்ளவும் இழுக்கவும், நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று கத்தவும், அந்தக் கிழட்டு விமானத்துக்கு உயிர் வந்துவிட்டது. கயிற்றுக்கு அப்பால் மிச்சமிருந்த கூட்டம் கைதட்டியது. அவள் அப்போதுதான் தரையிறங்கியவள் மாதிரி கையை உயர்த்தி ஆட்டினாள்.

இறங்கியதும் அதிகாரி கேட்டார்: "உங்களைப் போல வேறு யாராவது பார்க்க விரும்புவார்களா?"

"எத்தனை பேர் வேண்டும் சார்?" என்றாள்.

ஆட்டோவில் வீடு வந்து சேரும்வரை போனைக் கீழே வைக்கவில்லை. தெலுங்கில் ஒருவர், இந்தியில் ஒருவர், தமிழில் ஒருவர் என்று பேசிக்கொண்டே வந்தாள். மறுநாள் காலை, கூட்டத்துக்கு வாயில் திறப்பதற்கு முன்பே அவளுடைய நண்பர்கள் வந்துவிட்டார்கள். அமீர்பேட் விடுதியில் தங்கிக் கணினிப் பயிற்சி பெறும் பெண்கள், அவளோடு வங்கியில் வேலை பார்ப்பவர், ஓய்வுபெற்ற பாட்டு ஆசிரியர் ஒருவர். வாளியும் சோப்பும் துண்டுகளும் வரிசையாகத் தயாராக இருந்தன. அந்த வீரர்தான் கைகழுவத் தண்ணீர் ஊற்றினார்.

என் தங்கை விசிறி அருகே நின்றுகொண்டு ஒவ்வொருவர் கையாக வாங்கி அதன்மேல் வைத்தாள். எங்கே குனிய வேண்டும், எங்கே கம்பி குறுக்கே வரும், எங்கே தட்டினால் சத்தம் கேட்கும் என்று அவளே மும்மொழியிலும் சொன்னாள். அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று ரசித்தார். விமானம் எவ்வளவு பெரியது என்று பாட்டு ஆசிரியர் கேட்டார். "சொன்னாப் புரியாது சார், தொட்டுக்கிட்டே நடங்க" என்றாள். அவர் நடந்தார்.

அதை முடித்துவிட்டு எல்லோரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அடுத்த கயிற்றுக்குப் போனார்கள். அங்கே ஒரு ஜெட் போர்விமானம் நின்றது. சின்ன வயதில் எங்கள் மாடிக்கு மேலே வானத்தை நிறைத்த உறுமல் அந்த மாதிரி ஜெட்டுகளுடையதுதான்.

"இது எப்படி இருக்கும்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"எனக்கும் தெரியாது. இனிமேதான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, என் தங்கை இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு முதல் ஆளாக முன்னே போனாள்.