வால்வு சம்சாரம் தீவுக்குப் போகிறாள்

அந்தக் கட்டடத்தில் அவளுக்குப் பெயர் 'வால்வு சம்சாரம்'. அவளுக்கும் அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் அங்கே நாதியில்லை.

எல்லாம் புருஷன் தேடிக் கொடுத்த பெயர். அவர் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அறையில் ஒவ்வொரு வரிசை வீட்டுக்கும் ஒரு வால்வு இருக்கிறது. அந்த அறையின் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். அவரிடம் யாராவது எதிர்த்துப் பேசினால், மறுநாள் காலையில் அந்த வீட்டு வரிசைக் குழாய்களில் காற்றுதான் வரும். கேட்டால், "மோட்டார்ல ஏதோ கோளாறு, நான் என்ன பண்ணட்டும்?" என்று கையை விரிப்பார். சோப்பு நுரையோடு எத்தனை பேர் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள் தெரியுமா! சம்பளமில்லாத ஒரு வேலைக்கு ஒரு மனுஷனுக்கு இவ்வளவு திமிர் ஆகாது.

வசவு அவருக்கு, அதைக் கேட்கிற காது இவளுக்கு. மோட்டார் ஓடும்போது அவர் மாடியில் இருப்பார். கதவைத் திறப்பவள் இவள்தான். லிஃப்ட்டுக்குள் இவள் நுழைந்தால் மற்றவர்கள் செல்போனை எடுத்து வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பல் டாக்டரம்மா ஒரு படி மேலே போய், "நான் அடுத்ததுல வரேன்" என்று சொல்லி வெளியே இறங்கிவிடுவார். இத்தனை வருஷத்தில் ஒரு வாய் காப்பிக்கு இவளை யாரும் உள்ளே கூப்பிட்டதில்லை.

சரி, வேலைக்குப் போகிற இடமாவது நிம்மதியா என்றால், அதுவும் இல்லை. பெரிய சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டேதான் இருக்கவேண்டும். உட்கார்ந்தபடி பில் போட்டால் வாடிக்கையாளருக்கு மரியாதை இல்லையாம். எந்த மகராசன் கண்டுபிடித்தானோ! தள்ளுபடி என்று அட்டையில் எழுதியிருக்கும், மெஷினில் பழைய விலை வரும், திட்டு இவளுக்கு விழும். ஷாம்பூ மூடி கழன்றிருந்தால் இவள்தான் காரணம். சாயங்காலம் ஷூவைக் கழற்ற உட்கார்ந்தால் வீங்கிய கால் அதிலிருந்து வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

அவளுடைய கவுன்ட்டரை ஒட்டி பத்திரிகை மாட்டுகிற ஸ்டாண்டு ஒன்று உண்டு. அதில் ஒரு மாதப் பத்திரிகையின் அட்டையில் ஒரு படம் வந்திருந்தது. நீலக் கடலில் பச்சைப் பச்சையாகத் தீவுகள், ஒன்றன்பின் ஒன்றாக வளைந்து போயின. கடைசியாக ஒரு துண்டு மணலில் ஒரே ஒரு சாய்வு நாற்காலி. அது காலியாக இருந்தது. வரிசையில் அடுத்த ஆள் கூடையை வைப்பதற்குள் கிடைக்கிற இடைவெளியில் எல்லாம் அவள் கண் அந்த நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தது. மாதம் முடிந்து அந்தப் பத்திரிகையை எடுத்துவிட்டு வேறொன்றை மாட்டியபோது அவளுக்கு உண்மையிலேயே அழுகை வந்துவிட்டது. அன்றைக்கே லீவு கேட்டாள்.

பழைய மேனேஜர் என்றால் பேச்சே கிடையாது. இவன் புதியவன், ஊழியர்களிடம் நல்ல பெயர் வாங்குகிற அவசரத்தில் இருந்தான். "சேர்த்து வச்ச லீவு நிறைய இருக்கே! ஆனா இந்த மாசத்துக்குள்ள எடுத்தாத்தான் உண்டு. இல்லைன்னா அவ்வளவும் காலாவதி" என்றான். அவள் வாழ்க்கையில் கேட்காமலேயே வந்த நல்லது என்று எதுவுமில்லை. கேட்டு வந்தது இது ஒன்றுதான். இதை விட்டால் இன்னொரு தடவை வராது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு டிராவல்ஸ் இருந்தது. அங்கே இருந்த பெண் படத்தை விரித்துக் காட்டினாள். படகு ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போய்க்கொண்டே இருக்கும், எங்கே வேண்டுமோ அங்கே இறங்கிக்கொள்ளலாம். கடைசியில் இருக்கிற தீவு ரொம்பச் சின்னது. நாலைந்து குடில், வாசலில் படுத்துக்கொள்ள ஒரு வலைத்தூளி, சாப்பாடு கையில் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள்.

"ஆனா மேடம், அங்க பார்க்கறதுக்கு ஒண்ணுமே கிடையாது. இப்பவே சொல்லிடறேன், அப்புறம் வந்து என்கிட்ட சண்டை போடக்கூடாது" என்றாள் அந்தப் பெண்.

"எனக்கு அதுதாம்மா வேணும். நான் எதையும் பார்க்க வரல. என்னை யாரும் எதுவும் கேட்காம இருந்தாப் போதும்."

இரண்டு பேருக்கு இடம் பிடித்து வைத்தாள். திங்கட்கிழமைக்குள் உறுதி செய்யவேண்டும் என்று சொன்னாள் அந்தப் பெண். இது வரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. வீட்டில் போய்ச் சொன்னாளே, அங்கேதான் வினை ஆரம்பித்தது.

"அந்தத் தீவுல சிக்னல் வருமா?" இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"எதுக்குங்க சிக்னல்?"

"எதுக்கா? மோட்டார் ரூம்ல கேமரா வச்சிருக்கேனே, அதை யாரு பார்க்கறது, உங்கப்பாவா?"

மறுநாள் அவரே டிராவல்ஸுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். அந்தத் தீவுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, தொட்டி எத்தனை லிட்டர், ஜெனரேட்டர் யார் பொறுப்பு, அங்கே சங்கம் மாதிரி ஏதாவது உண்டா! அந்தப் பெண் பேந்தப் பேந்த விழித்தாள். கடைசியில் அவர் ஒரு தீவைத் தேர்ந்தெடுத்தார். துறைமுகம் உள்ள பெரிய தீவு. செல்போன் கோபுரத்துக்கு நேர் கீழே ஒரு லாட்ஜ். ஒரு பக்கம் டீசல் கிடங்கு, இன்னொரு பக்கம் மீன் ஏலம் விடுகிற இடம். "இங்கதான் சிக்னல் ஃபுல்லா வரும்" என்று அவர் படத்தில் விரலை வைத்து அழுத்தியபோது, அவளுக்கு அந்த விரலைக் கடித்துத் துப்பவேண்டும் போல இருந்தது. அதுவும் மூன்று ராத்திரிதான். அதற்கு மேல் தங்கினால் தொட்டி கழுவுகிறவனை யார் மேய்ப்பது?

வீட்டுக்கு வந்ததும் சண்டை மூண்டது.

"நான் போய் மீன் ஏலம் கேட்கவா லீவு எடுத்தேன்? எனக்குப் படுத்துக் கிடக்கணும். அவ்வளவுதான்."

"படுக்க வீட்டுல கட்டில் இல்லையா? அதுக்கு ஒருத்தி கடல் தாண்டிப் போவாளா?"

"இந்த வீட்டுல படுத்தா அஞ்சு நிமிஷத்துக்கு ஒருத்தர் பெல் அடிச்சு உங்களைத் திட்டறாங்க. நீங்க மேல போய் ஒளிஞ்சுக்கறீங்க. நான்தானே வாங்கிக் கட்டிக்கறேன்?"

"நான் ஒளிஞ்சுக்கறேனா? நான் ஒரு நாள் இல்லைன்னா இந்தக் கட்டடம் நாறிப் போயிடும்டி! உனக்கு என்ன தெரியும்? பில் போடத் தெரியும்."

அன்றைக்கு அவள் விட்டுக்கொடுக்கவில்லை. சிறு தீவு, முழு லீவு, இல்லையென்றால் பேச்சே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவரும் பார்த்தார். கடைசியில் ரொம்பப் பெருந்தன்மையாக முகத்தை வைத்துக்கொண்டு, "சரி, ஞாயித்துக்கிழமை பொதுக்குழு கூட்டறேன். பொறுப்பை ஏத்துக்க லாயக்கான ஒரே ஒரு ஆளைக் காட்டு, நீ சொல்ற இடத்துக்கு வரேன்" என்றார். ஆள் கிடைக்கமாட்டான் என்று ஊருக்கும் அவளுக்கும் நிரூபிக்கத்தான் அந்தக் கூட்டம். இது தெரியாத அளவுக்கு அவள் என்ன பச்சைக் குழந்தையா? இருந்தாலும் ஒரு நப்பாசை, யாராவது ஒருவர் தேறிவிடமாட்டாரா என்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். அவள் வழக்கம்போல் கடைசி வரிசையில் தூணோரம் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலி வழக்கம்போல் காலி.

முதலில் எழுந்தவர் இரண்டாம் மாடியில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். "நான் பார்த்துக்கறேன் சார். வால்வு திறக்கறது என்ன பெரிய வித்தையா?" என்றார்.

"நீங்க வாடகைக்கு இருக்கறவர். வாடகைக்காரங்களுக்குச் சங்கத்துல வாயும் கிடையாது, ஓட்டும் கிடையாது. உட்காருங்க."

அடுத்தது பல் டாக்டரம்மாவின் வீட்டுக்காரர். ரிட்டயர் ஆகிச் சும்மா இருக்கிற மனுஷன், பாவம், நல்ல எண்ணத்தில்தான் கையைத் தூக்கினார்.

"உங்க வீடு யார் பேர்ல இருக்கு?" என்றார் செயலாளர்.

"என் சம்சாரம் பேர்ல."

"பத்திரத்துல யார் பேர் இருக்கோ அவங்கதான் உறுப்பினர். புருஷனா இருந்தாலும் சரி, பெத்த அப்பனா இருந்தாலும் சரி, மத்தவங்க பொறுப்புக்கு நிக்கவும் முடியாது, ஓட்டுப் போடவும் முடியாது. விதியை எழுதினவனே நான்தான். எழுந்து போய் உங்க அம்மணியை அனுப்புங்க."

அத்தனை பேர் முன்னால் அந்த மனுஷன் எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் பல் டாக்டரம்மா லிஃப்ட்டுக்குக்கூடக் காத்திராமல் படியில் தடதடவென்று இறங்கி வந்தார்.

"என் வீட்டுக்காரரை எழுந்து போன்னு சொல்றதுக்கு நீங்க யாரு? பத்து நாளைக்கு ஆள் தேடற நாடகமெல்லாம் வேணாம். செயலாளரையே மாத்துவோம். யாரெல்லாம் மாத்தணும்கறீங்க, கையைத் தூக்குங்க!"

கைகள் உயர்ந்தன. அவருக்கும் ஆள் இல்லாமல் இல்லை. தண்ணீர் முதலில் போகிற வரிசைக்காரர்கள் அவர் பக்கம் கை தூக்கினார்கள். அவரும் தன் கையைத் தூக்கிக்கொண்டே எண்ணினார். இரண்டு பக்கமும் சமம். அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே, தீபம் ஏற்றின மாதிரி! "சமமா வந்தா இருக்கறவரே தொடரலாம். அதுவும் விதிதான். கூட்டம் முடிஞ்சது. ஆள் கிடைக்கலை, எல்லாரும் பார்த்தீங்க" என்று சொல்லிவிட்டு, கடைசி வரிசையைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான் அவளை எழுப்பிவிட்டது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு நிமிஷம். நம்ம வீடு யார் பேர்லங்க இருக்கு?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

வீடு வாங்கிய காலத்தில் அவருக்கு நிரந்தர வேலை இல்லை. வங்கிக்காரர்கள் அவளுடைய சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் தலையாட்டினார்கள். பத்திரமும் அவள் பெயரிலேயே ஆனது. கட்டடம் திறந்த அன்று, இந்தத் தொல்லை பிடித்த பதவி யாருக்கு என்று ஒருவரையொருவர் பார்த்து நழுவிக்கொண்டிருந்தபோது இவர் முன்னால் வந்து நின்றார். விட்டது தொல்லை என்று எல்லோரும் கைதட்டினார்கள். பத்திரத்தைக் காட்டு என்று அன்றைக்கு யார் கேட்டார்கள்? விதியை எழுதிய மகானுக்கும் தன் வீட்டைப் பற்றி நினைப்பு வரவில்லை. மனைவியின் வீடு என்று அவர் ஒரு நாளும் நினைத்ததே இல்லையே!

"நீ உட்காரு" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் உட்கார்றேன். நீங்க கையைக் கீழ போடுங்க. அது என் ஓட்டு."

டிரைவிங் ஸ்கூல்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவள் கையைத் தூக்கினாள், மாற்றவேண்டும் என்கிற பக்கம்.

"எனக்கு எதிராவா?"

"ஆமா. உங்களுக்கு எதிராத்தான்."

அதற்குப் பிறகு ஒரே கூச்சல். யாரோ விசில் அடித்தார்கள். பல் டாக்டரம்மா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "சபாஷ்! இவ்வளவு தைரியசாலின்னு தெரியாமப் போச்சே!" என்றார்.

அவள் கையை உருவிக்கொண்டாள். "எப்படித் தெரியும்? என்னைப் பார்த்தா லிஃப்ட்டை விட்டு இறங்கிடுவீங்களே! உங்களுக்காக ஒண்ணும் நான் கையைத் தூக்கல" என்றாள்.

வீட்டில் அவர் சோபாவில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதவி போய், சாவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அவரைப் பார்க்க அவளுக்கு ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. இனி இவருக்கு இங்கே வேலையில்லை, நிம்மதியாகக் கூட வருவார் என்றுதான் அவளும் மாடிப்படி ஏறும்போது கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"என் மானத்தை வாங்கிட்டே இல்ல? ரொம்ப சந்தோஷம். நான் உன்கூட வரப்போறதில்ல. எந்தத் தீவுக்கும் வரமாட்டேன்" என்றார். சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தார். எத்தனை வருஷப் பழக்கம்! அவர் வரமாட்டேன் என்பார், சாப்பிடமாட்டேன் என்பார், அவள் கையைப் பிசைந்துகொண்டு பின்னாலேயே நடப்பாள். இப்போதும் அதற்குத்தான் காத்திருந்தார்.

அவளும் கெஞ்சத்தான் வாயெடுத்தாள். ஆனால் நெஞ்சில் என்னவோ லேசாகிவிட்டது. அது என்ன என்று புரிந்ததும் அவளுக்கே பயமாக இருந்தது. அது சந்தோஷம்.

"சரி" என்றாள்.

"என்ன சரி? நான் வரலைன்னா நீ எப்படிப் போவே?"

"படகுலதான்."

"விளையாடறியா? நான் இல்லாம உனக்கு அங்க என்ன இருக்கு?"

அவள் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். இந்தத் தடவை குரலை உயர்த்தவில்லை.

"அந்தப் படத்தைப் பார்த்த நாள்லேர்ந்து தினமும் அந்தத் தீவை நினைச்சுட்டிருக்கேங்க. நின்னுட்டே நினைப்பேன், பஸ்ல நினைப்பேன், தூங்கறதுக்கு முன்னாடி நினைப்பேன். மணல் இருக்கும், தண்ணி இருக்கும், நான் காலை நீட்டிப் படுத்திருப்பேன். ஒரு தடவைகூட நீங்க பக்கத்துல இருந்ததில்ல. இப்பத்தான் அது எனக்கே தெரியுது."

அவள் போனை எடுத்து டிராவல்ஸ் பெண்ணைக் கூப்பிட்டு, ஓர் ஆளுக்கு மட்டும் போதும் என்று சொன்னாள்.