காட்வினுக்கும் ஆஸ்டினுக்கும் நடுவே ஒரு கமா

பிழை திருத்துகிறவளுக்குப் பிழையே வராது என்று நினைத்திருந்தேன். எழுபதுகளின் தொடக்கம். மயிலாப்பூரில் ஓர் அச்சகத்தில் புரூஃப் ரீடராகச் சேர்ந்து மூன்றாவது மாதம். பள்ளிப் பிள்ளைகளுக்கான பூகோள வினா-விடைப் புத்தகம் வேலையில் இருந்தது.

இந்தியாவின் மிக உயர்ந்த சிகரம் எது என்ற கேள்விக்கு ‘காட்வின் ஆஸ்டின்’ என்று விடை. பக்கத்தில் ‘கே 2’ என்று வேறு இருந்தது. இரண்டு சிகரம் போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டி, இரண்டு பெயருக்கும் நடுவில் சிவப்பு மையால் ஒரு கமா போட்டேன்.

அச்செழுத்துக் கோக்கும் முனுசாமியண்ணன் புரூஃபைத் தூக்கிக்கொண்டு வந்தார். “இன்னாம்மா இது? ஒரே மலதானே? எம் பொண்ணு அப்டித்தான் படிச்சிக்கினு கீது.”

“கோக்கறது உங்க வேலை, படிக்கறது என் வேலை” என்றேன். என்ன திமிர் எனக்கு! அவர் நான் போட்டபடியே கோத்தார்.

இரண்டு நாள் கழித்து, புத்தகம் எழுதிய பூகோள வாத்தியார் வந்தார். அச்சாகி அடுக்கியிருந்த தாளில் ஒன்றை எடுத்தவர் கத்திவிட்டார்.

“மெஷினை நிறுத்துங்கோ! அந்தப் பக்கத்து மலையெல்லாம் மொதல்ல போய் அளந்த துரையோட பேர் இது. ஒரே ஆள்! கே 2ங்கறதும் அதே மலைதான். ராமகிருஷ்ணனை ராம, கிருஷ்ணன்னு எழுதுவேளா?”

நானூறு தாள் ஓடியிருந்தது. சாயங்காலம் பைண்டிங்குக்குப் போயாக வேண்டும். முதலாளி நேரே முனுசாமியண்ணன்மேல் பாய்ந்தார். “இன்னொரு தப்பு வந்தா வீட்டுக்குத்தான்னு போன மாசமே சொன்னேனா இல்லையா? கெளம்புய்யா.”

அண்ணன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வேலை நிரந்தரமாகவில்லை, வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. அவர் சட்டையை எடுத்து மாட்டினார். பித்தானை ஓட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

கம்பியில் குத்தியிருந்த புரூஃபை உருவி நீட்டினேன். “அவர் வேணாம்னுதான் சார் சொன்னார். நான்தான் போட்டேன்.”

முதலாளி சிவப்புக் கமாவையே பார்த்தார். பிறகு ஒரு பிளேடை மேஜைமேல் வைத்தார். “நானூறு தாள்லயும் அந்தக் கமாவை நீயே சுரண்டி எடு. ஒரு தாள் கிழிஞ்சாலும் நாளைக்கு வராதே.”

பத்துத் தாள் முடிவதற்குள் அரை மணி ஆகிவிட்டது. எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு முனுசாமியண்ணன் உட்கார்ந்தார், இன்னொரு பிளேடோடு.

“நீங்க எதுக்குண்ணே?”

“போட்டது நீ. கோத்தது நான்தானே? இப்டி தள்ளு பாதிய.”

ஒரு தாளும் கிழியவில்லை. அப்புறம் முப்பது வருஷம் அதே வேலை பார்த்தேன். கோக்கிறவர் யாராவது வந்து “இன்னாம்மா இது?” என்று கேட்டால், பேனாவைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.