தெர்ஸா லஸ்கம் திறந்த பாதை

1856 மார்ச் 25: ஹாலோகூம் குன்றும் அடிவார நிலமும், 9,400 பவுண்டு.
1858 அக்டோபர் 4: தேவாலயப் பாதையை மறித்த சுவர், இரும்புக் கதவுடன், 61 பவுண்டு.
1861 பிப்ரவரி 12: ஏமஸ் லஸ்கமின் சவப்பெட்டி, எல்ம் பலகை, 18 ஷில்லிங்.
1883 ஜனவரி 23: அகஸ்டஸ் ரேக்ஸாலின் சவப்பெட்டி, ஓக் பலகை, உள்ளே ஈயத் தகடு, 74 பவுண்டு.

மூன்றாவது தொகையைக் கொடுத்தவள் தெர்ஸா லஸ்கம். மற்ற மூன்றும் ரேக்ஸால் வீட்டுப் பணம். டெவனில் ஹாலோகூம் ஊரின் சலவைக்காரி அவள். ஊரில் யார் இறந்தாலும் குளிப்பாட்டி உடுத்திவிடுவதும் அவள்தான்.

ரேக்ஸால் துரை ஆற்றுப் பாலங்கள் கட்டிப் பேர் வாங்கிய பொறியாளர். மாளிகைக்கு அஸ்திவாரம் போடும் முன்பே தோட்டத்தைத் தொடங்கிவிட்டார். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டினார், ஓடையை மறித்து ஏரியாக்கினார், இமயமலைத் தேவதாருக்களை வரவழைத்து நட்டார். மாடத்தில் நின்றால் மரங்களுக்கு நடுவே கடல் தெரிய வேண்டும்; ஆள் யாரும் தெரியக் கூடாது. அந்தக் காட்சிக்குக் குறுக்கே ஊரார் தேவாலயத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதை ஓடியது. இரண்டு நீதிபதிகளிடம் கையெழுத்து வாங்கி அதை மூடினார். கால் மைல் நடை ஒன்றரை மைல் சேற்றுச் சாலையாக மாறியது. சுவர் எழுப்பிய கொத்தர்களில் தெர்ஸாவின் கணவன் ஏமஸும் ஒருவன்.

மூன்றாம் குளிர்காலத்தில் ஏமஸுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. மருத்துவர் வீடு தேவாலயத்தை ஒட்டி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் ஓடிப்போய் இரும்புக் கதவைத் தட்டினான். யாரும் திறக்கவில்லை. சாலையைச் சுற்றி மருத்துவர் வந்து சேர்வதற்குள் ஏமஸ் போய்விட்டான்.

அடக்கத்தன்று தெர்ஸா பெட்டியை நேரே அந்தக் கதவுக்குத்தான் கொண்டுபோகச் சொன்னாள். மழை கொட்டியது. கம்பிக்கு அந்தப் பக்கம் காவலாள் ஜேபஸ் நார்த்காட் நின்றான். அதே ஊர்ப் பையன்.

"கதவைத் திற, ஜேபஸ்."

"முடியாதுக்கா. பொணத்தோட வர்றீங்க. ஒரு தடவை பொணம் போயிட்டா அப்புறம் அது ஊர் வழியாயிடும்னு உங்களுக்குத் தெரியாதா? என் வேலை போயிடும்."

"நேத்து உசுரோட இருந்தப்பதானே தட்டுனாங்க. அப்ப ஏன் திறக்கல?"

ஜேபஸ் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டான். பெட்டி திரும்பியது. சேற்றில் தோள் மாற்றித் தோள் மாற்றி ஒன்றரை மைல் தூக்கிப் போனார்கள்.

பிணம் போன பாதை பொதுப்பாதை என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் ஹாலோகூமில் அதைச் சந்தேகித்தவர் எவரும் இல்லை.

அதற்கடுத்த மாதமே தெர்ஸா மாளிகைச் சலவையை ஏற்றுக்கொண்டாள். கிணற்றடியில் பெண்கள் சும்மா விடவில்லை.

"புருஷனைச் சாகவிட்ட வீட்டுத் துணியைத் துவைக்கிறியே, வெக்கமா இல்ல?"

"அந்த வீட்டு அழுக்கு எங்கெங்க இருக்குன்னு தெரிஞ்சுக்க வேணாமா?"

அழுக்கைத் தெரிந்துகொள்ளவே இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நடுவே, தான் செத்தால் சுவரேறியாவது தன்னை அந்த வழியே தூக்கிப் போக வேண்டும் என்று சொல்லி வைத்தாள். "உன் கனத்துக்குச் சுவரே இடிஞ்சுடும், ஏற வேண்டியதில்ல" என்றான் பக்கத்து வீட்டுக்காரன்.

1883 ஜனவரியில் ரேக்ஸால் துரை தூக்கத்திலேயே இறந்தார். குளிப்பாட்ட தெர்ஸாவைக் கூப்பிட்டார்கள். துரையின் இரண்டாம் மனைவி, லண்டன்காரி, கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். தெர்ஸா தாடியை நனைத்து, சிக்கெடுத்து, சீவினாள்.

"வலிச்சிருக்குமா?" என்று கேட்டாள் சீமாட்டி.

"இல்லம்மா. முகத்தைப் பாருங்க, எவ்வளவு அமைதியா இருக்கு." தெர்ஸா சன்னல் பக்கம் பார்த்தாள். "அந்த மரமெல்லாம் ஐயா புள்ளைங்க மாதிரி வளர்த்தது. சாலை வழியா வண்டியில போனா ஒண்ணைக்கூடக் கடந்து போக மாட்டாரு. அதை நினைச்சாத்தான் மனசு கேக்கல."

சீமாட்டியும் சன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு, "தோட்டத்து வழியாவே தூக்கிட்டுப் போகட்டும்" என்றாள். தெர்ஸாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எனக்கு இது தோணவே இல்ல. நீ நல்லவ."

சீமாட்டியின் கை சூடாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தெர்ஸாவுக்கு ஒரு கணம் தோன்றியது. மழையில் நனைந்த எல்ம் பெட்டி கண்முன் வந்தது. கையை விடுவித்துக்கொண்டு, பிணத்தின் கழுத்துப் பட்டியை இறுக்கிக் கட்டினாள்.

ஜேபஸ் இப்போது தலைமைக் காவலாள். உத்தரவைக் கேட்டதும், "தோட்டத்து வழியாவாம்மா? நல்லா யோசிச்சீங்களா?" என்றான்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு, நார்த்காட்?"

நடைவழியில் அவன் தெர்ஸாவை மடக்கினான். "அக்கா, இது உங்க வேலை."

"உத்தரவு எசமானியம்மாவோடது. வேணும்னா போய் விளக்கிச் சொல்லேன். அன்னைக்குக் கம்பிக்குள்ள நின்னு எனக்குச் சொன்னியே, அதே மாதிரி."

அவன் போகவில்லை.

ஆறு பேர் ஈயப் பெட்டியைத் தேவதாருக்களின் கீழே சுமந்து போனார்கள். இரும்புக் கதவு அகலத் திறந்து கிடந்தது. பின்னால் ஊரே வந்தது. படுக்கையில் கிடந்த கிழவர்கள்கூட எழுந்து வந்தார்கள். அவர் மேல் இவ்வளவு பேருக்கு இத்தனை பிரியமா என்று சீமாட்டி மனம் உருகினாள்.

மறுநாள் காலை தெர்ஸா சலவைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடத்துக்குக் கீழே, புல்வெளியின் நடுவே, நிதானமாக நடந்தாள். அவள் பின்னால் பாலுக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், ஒரு பன்றியை ஓட்டிக்கொண்டு ஒருவன். மத்தியானத்துக்குள் யாரோ சீமாட்டிக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள்.

எக்ஸெட்டர் வக்கீல் அப்படிச் சட்டமே இல்லை என்று எழுதினார். ஆனால் பிணம் போன வழியில் பூட்டுப் போட ஊர்க் கொல்லன் மறுத்தான். எக்ஸெட்டரிலிருந்து வந்த கொல்லன் சத்திரத்தில் ஒரு குவளை பியர் குடித்து, கதையைக் கேட்டு, கருவிப் பெட்டியோடு அப்படியே திரும்பினான். தெர்ஸா தினமும் நடந்தாள், வேலை இல்லாத நாளிலும். வெயில் காலத்திலேயே மாடத்துச் சன்னல்களில் திரை விழுந்தது. அடுத்த வசந்தத்தில் சீமாட்டி தோட்டத்தை விற்றுவிட்டு லண்டன் போனாள்.

அங்கிருந்து தெர்ஸாவுக்கு ஒரு கடிதம் எழுதினாள்: அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இதைச் செய்தாயே, உனக்கு அவர் என்ன செய்தார்? தெர்ஸாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஜேபஸைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கணவன் பெயரையும் செத்த மாதத்தையும் கதவு திறக்காததையும் எழுதச் சொன்னாள். பாதியில் அவன் பேனாவைக் கீழே வைத்தான். அவள் விடவில்லை. "கதவுக்கு அந்தப் பக்கம் யாரு நின்னாங்கன்னும் எழுது" என்றாள். எழுதினான்.

பதிலையும் அவனே படித்துக் காட்டினான். இரண்டு வரிதான். லஸ்கம் என்று ஒருவன் இருந்ததையோ, கதவருகே ஒரு பெட்டி வந்து திரும்பியதையோ என் கணவரிடம் யாரும் சொன்னதே இல்லை. உன் பெயரும் அவருக்குத் தெரியாது.

தெர்ஸா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அந்தக் கடிதம் வந்தது 1884 மே 9, வெள்ளிக்கிழமை.