கவுஸ் பாய் கழற்றிய கார்ப்பரேட்டர்

கவுஸ் பாயின் மகன் தொலைபேசியில் அழைத்தபோது லாரியின் பானெட்டைத் திறந்து வைத்திருந்தேன். "பெரியப்பா, அத்தா காலைல தவறிட்டாருங்க" என்றான். எனக்கு அழுகைக்கு முன் கோபம்தான் வந்தது. எங்கள் இருவரின் வழக்கு இன்னும் முடியவில்லை. முடிக்காமல் எப்படிப் போகலாம்?

அடக்கத்துக்கு வாணியம்பாடி போனேன். யார் மனமும் நோகாமல் பேசுவார் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் சொன்ன கவுஸ் பாயை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவர், தன் லாரி உதிரிபாகக் கடையில் உட்கார்ந்துகொண்டு என்னை விடாமல் வம்புக்கு இழுத்தவர். நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

சென்ற புளிப் பருவத்தில், பெட்ரோலில் ஓடும் என் பழைய லாரி ஜவ்வாது மலை வளைவுகளில் மூச்சு முட்டி நிற்க ஆரம்பித்தது. கார்ப்பரேட்டர் கோளாறு. என் மகன் கறாராகச் சொல்லிவிட்டான்: "இந்தத் தடவை மலைமேல புதூர்நாடு ஏறலன்னா காயலாங்கடைதான்பா."

"புதுசு மாத்துங்கண்ணே" என்றார் பாய். பழையதையே பிரித்துச் சரிசெய்வேன் என்றேன். நான் யாரிடமும் வேலை கற்றவன் அல்ல. கழற்றிப் பார்த்தே கற்றவன். கழற்றினேன். பெட்ரோல் பாயும் பித்தளை ஜெட்டுகளை, குத்துவிளக்குக்குச் செய்வதுபோல, புளித் தண்ணீரில் ஊறவைத்தேன். மலைப் புளி பட்டு ஜெட்டுகள் பொன்னாக மின்னின. அந்த நேரம் பார்த்து பாய் வீட்டுக்குள் வந்தார்.

"இன்னாண்ணே, கார்ப்பரேட்டருக்கு ரசம் வெக்கிறீங்களா?"

"பளபளன்னு ஆச்சா இல்லியா?"

"ஆச்சு. பொண்ணு பாக்க வர்றவங்களுக்குக் காட்டலாம். வண்டி ஏறுமா?"

ஏறவில்லை. அடிவாரத்திலேயே பெட்ரோல் வழிந்து நின்றது. இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவர், அடுத்து நடந்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

மறுநாள் அவரே புதியதைக் கொண்டுவந்து பூட்டினார். அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். மூட்டைகளின் மேல் மலைக்காரர்கள் சிலர். என் பக்கத்தில் ராஜா மாதிரி பாய். சமவெளியில் பறந்த வண்டி, செங்குத்தான முதல் வளைவிலேயே இழுவை இல்லாமல் திணறிப் பின்னால் உருண்டது. நான் பிரேக்கின் மேல் ஏறி நின்றேன். சலவைச் சட்டையோடு குதித்து டயருக்குக் கல் வைத்தவர் பாய்தான். மேலிருந்து இறங்கிய ஒரு பெண், "இதுதான் புதுசா பாய்?" என்றாள். பாய் அந்தச் சட்டையிலேயே கையைத் துடைத்துக்கொண்டு பானெட்டைத் திறக்கப் போனார். பார்க்க நன்றாக இருந்தது.

இருக்கைக்கு அடியில் பழையது கிடந்தது. புதியதையும் கழற்றி, சாலையோரம் துண்டை விரித்து இரண்டையும் பிரித்தார் பாய். "புதுசுல ஜெட்டு ஓட்ட சின்னது, மேட்டுக்குப் பெட்ரோல் பத்தல. பழசுல பெட்ரோல நிறுத்துற ஊசி தேஞ்சி கெடக்குது. நீங்க பாத்திரம் தேச்சிருக்கீங்க" என்றவர், புதியதிலிருந்த ஊசியைக் கழற்றிப் பழையதில் போட்டார்.

"விக்கிற பொருள எதுக்கு பாய் பாழாக்குறீங்க?"

"பாழாக்கல அண்ணே. உங்க கெழவிக்குச் சீதனம் குடுக்குறேன்."

கிழவி ஏறினாள். அரிசியை இறக்கிவிட்டு, புளி மூட்டைகளோடு மாலையில் வீடு திரும்பினோம். மகன் அதன்பின் காயலாங்கடைப் பேச்சை எடுக்கவே இல்லை.

வழக்கு அன்றே தொடங்கிவிட்டது. "ஏறுனது புதுசாலதான். ஊசி என்னுது" என்பார் பாய். "ஒடம்பு பழசு. ஜெட்டு என் புளியில வெளுத்தது" என்பேன் நான். கடைசியாகப் பார்த்தபோதும், "ஒத்துக்கினு போங்கண்ணே" என்றார். "மொதல்ல நீங்க" என்றேன். இருவரும் சிரித்தோம், இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஊசி இல்லாத அந்தப் புதிய கார்ப்பரேட்டரை அவர் மகனிடம் கேட்டு வாங்கி வந்து அலமாரியில் வைத்திருக்கிறேன். லாரி இன்றும் புதூர்நாடு ஏறுகிறது. உள்ளே இருப்பது பழசா புதுசா என்று கேட்பவர்களிடம் இனி இப்படித்தான் சொல்லப்போகிறேன்: பாதி கவுஸ் பாயுடையது. அதற்கு மேல் ஒரு திருகாணியைக்கூட விட்டுத்தர மாட்டேன்.